ஊ தூன் அவுட்டான மத்தியானம்

1

ரங்கூனில் மழை விட்டுவிட்டது. தடிங்யுத் பண்டிகைக்கு ஏற்றிய விளக்குகளை அக்கம்பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டார்கள். இன்றைக்கு என் மகன் சவரி வேலை பார்க்கும் கிட்டங்கியில் பந்தில்லாத பந்தாட்ட நாள். அதற்காகக் கோழி கூவும்போதே பயறு அவிக்கப் போட்டுவிட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். போன வருஷத்துப் பானை போதாது என்று, மாதா கோயில் திருநாளுக்குச் சோறாக்கும் பானையைச் சாமியாரிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். பயறு வேகிற நேரத்துக்கு ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். நின்றதற்கு வாத்தியார்தான் காரணம் என்று நானும், நான்தான் காரணம் என்று வாத்தியாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டதால் இப்போது என் பேச்சுதான் நிற்கிறது.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்து, போட்டாதாங் படித்துறைப் பக்கம் குடித்தனம் வைத்தவள். வீட்டுக்காரர் துறைமுகத்தில் பாரம் தூக்கும் யந்திரம் ஓட்டினார். அவர் இங்கேயே மண்ணுக்குள் போய்விட்டார். சவரி இங்கே பிறந்தவன், கிட்டங்கியில் மூட்டைக் கணக்கு எழுதுகிற குமாஸ்தா. அவன் மகள் லில்லிக்குப் பதினாறு வயசு. வீட்டில் லில்லி, தெருவில் மா டின். காலையில் தமிழில் செபம் சொல்லுவாள், தூக்கத்தில் பர்மியில் உளறுவாள். கனவில் வருகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது போலிருக்கிறது.

நான் மட்டும் இன்னும் வெளிநாட்டுக்காரி. அதற்கு ஒரு அட்டை உண்டு. வருஷா வருஷம் போய்ப் புதுப்பிக்க வேண்டும். மேஜைக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பெண் தவறாமல் கேட்பாள், இந்த நாட்டுக்கு எதற்காக வந்தீர்கள் என்று. போன தடவை, "கட்டிக் குடுத்து அனுப்பிட்டாங்க தாயீ. புகார் எழுதணும்னா எங்கப்பன் மேல எழுதிக்க" என்றேன். அவள் சிரிக்காமல் முத்திரை குத்தினாள். ஆனால் தோள் குலுங்கியது, பார்த்தேன்.

2

பேஸ்பால் என்று ஒரு ஆட்டம். அமெரிக்காக்காரர்களுடையது. ஒருவன் பந்தை எறிவான். இன்னொருவன் உலக்கை மாதிரி கட்டையால் அடிப்பான். அடித்ததும் கட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். மைதானத்தின் நாலு மூலையிலும் நாலு குறி. சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு புள்ளி. அதற்குள் எதிராளி பந்தை எடுத்து, ஓடுகிறவன் உடம்பில் தொட்டுவிட்டால் அவுட்டு. அவ்வளவுதான். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறவன் ஜெயித்தவன் என்று எவனோ ஊரைவிட்டு வந்தவன்தான் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். எனக்கானால் மூன்றாவது குறியிலேயே பாயை விரித்துப் படுத்துவிடத் தோன்றும்.

கிட்டங்கிக்கு அதிகாரியாக வந்தவர் ஊ தூன். ஐம்பதைத் தாண்டியவர், கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. சிறுவயதில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அங்கே இருந்த அமெரிக்க வாத்தியார் விட்டுப்போன ஒரு சாக்கு மூட்டையை அவர் பத்திரமாக வைத்திருந்தார். உள்ளே கட்டைகள், பந்துகள், தோல் கையுறைகள். அவருக்கு இந்த ஆட்டம் என்றால் உயிர் என்று கிட்டங்கி முழுக்கப் பேச்சு. அதனால் வருஷத்துக்கு ஒருநாள், தடிங்யுத் கழிந்ததும், கிட்டங்கிக்குப் பக்கத்தில் சண்டைக்காலத்தில் குண்டு விழுந்து காலியான புல்தரையில் ஆட்டம் நடக்கும். ஒரு பக்கம் ஊ தூனும் படித்துறை ஆட்களும். மறுபக்கம் குமாஸ்தாக்கள்.

கையுறைகள் ஒரு பக்கத்துக்குத்தான் போதும். அதனால் பந்து பிடித்து முடித்தவர்கள் அவற்றைப் புல்லிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போவார்கள். எதிராளி வந்து எடுத்து மாட்டிக்கொள்வான். அந்த வழக்கம் எனக்குப் பிடித்தது. இன்னொருவன் கைச்சூட்டில் கையை விட்டுக்கொண்டு அவனோடு எப்படிச் சண்டை போட முடியும்?

குறிகளுக்குப் பதில் அரிசிச் சாக்கை விரித்திருந்தார்கள். முதல் வருஷம் கணக்குப்பிள்ளை கணேசன் பந்தை அடித்துவிட்டு ஓடினான். முதல் சாக்குக்கு வந்ததும் நின்றான். செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தான். அப்புறம்தான் சாக்கில் கால் வைத்தான். விரித்த பாயில் செருப்போடு ஏறலாமா? அவனை அவுட்டாக்க வேண்டிய படித்துறை ஆள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் கழற்றி முடிக்கிறவரை காத்துக்கொண்டு நின்றான். அமெரிக்காக்காரன் பார்த்திருந்தால் அடுத்த கப்பலைப் பிடித்திருப்பான்.

இந்த ஊரில் அனாடே என்று ஒன்று உண்டு. தமிழில் அதற்குச் சரியாக ஒரு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. எதிரில் இருக்கிறவர் மனசு கோணுமே என்று நாம் சொல்ல நினைத்ததை விழுங்கிக்கொள்வது. பசித்தாலும் வேண்டாம் என்பது. கால் வலித்தாலும் நிற்பது. அந்தப் படித்துறை ஆள் நின்றதும் அதனால்தான்.

3

சவரியின் புத்தகத்தில் இன்னொரு சட்டமும் இருந்தது. புத்தகம் என்றால் அவன் மண்டைதான்.

"சயா அடிச்ச பந்தைப் பிடிக்கக் கூடாதும்மா. கைக்கே வந்தாலும் நழுவ விடணும். விட்டுட்டு நெத்தியில அடிச்சுக்கணும். அப்பத்தான் நெசம் மாதிரி இருக்கும்."

சயா என்றால் பெரியவர், வாத்தியார், மேலதிகாரி எல்லாம்தான்.

"யாருடா எழுதி வெச்சது?"

"எதுக்கு எழுதணும்? எல்லாருக்கும் தெரியும்."

எனக்கும் தெரியும். எங்கள் ஊரில் பண்ணையார் மகன் கிட்டிப்புள் ஆடவந்தால் புள் யார் கையிலும் அகப்படாது. காற்று அடித்துக்கொண்டு போய்விடும். அவன் சடுகுடு ஆடினால் அவனுக்கு மட்டும் மூச்சு முட்டவே முட்டாது. அடி விழும் என்கிற பயம். கடல் தாண்டி வந்தும் அதே ஆட்டம்தானா என்று சவரியை நான் கிண்டல் செய்வதுண்டு.

போன வருஷம் கிண்டல் செய்யவில்லை. கிட்டங்கிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபிறகு ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியிருந்தது. குடியுரிமை இல்லாதவர்களைத்தான் முதலில் நிறுத்துவார்களாம். சவரி குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தது எந்த மேஜையில் தூங்குகிறதோ தெரியாது. யாரை வைத்துக்கொள்வது என்று ஊ தூன்தான் மேலே சொல்ல வேண்டும். எதிர்வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே கப்பல் ஏறிவிட்டார்கள். அவர்கள் வளர்த்த பூனை எங்கள் வீட்டுக்குக் குடிவந்து, வாடகைக்கு எலி பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

வேலை போனால் நாங்களும் கப்பல்தான். எனக்கென்ன, படுக்கிற இடம் பாய். மருமகள் எங்கே இருந்தாலும் சமைப்பாள். லில்லியை நினைத்தால்தான் கவலை. தமிழ் எழுத்தைக் கண்டால் கோலம் என்பாள். மெட்ராஸ் வீதியில் அவளை இறக்கிவிட்டால் அவள் அங்கே எந்த அட்டை வாங்குவது?

ஆட்டத்துக்கு முந்தின வாரமே சவரிக்கு வயிறு கெட்டுவிட்டது. மருமகள் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

"இந்த வருஷம் நீ கொஞ்சம் பக்கத்துல போயி நல்லாக் கவனிச்சுக்கம்மா. பயறு அவருக்குப் பிடிக்கும்" என்றான்.

"கவனிக்கிறேன். கையோட உன் சமாசாரத்தையும் கேட்டுடறேன்."

"ஐயோ, கேட்டுக்கீட்டு வைக்காதே. அவருக்கு அனாடேவாப் போயிடும்."

"அப்ப நீயே போயி, 'எனக்குப் பேதி போகுதே, அது பரவாயில்லியா'ன்னு கேளு."

4

அன்றைக்கு நல்ல வெயில். ஆட்டத்துக்கு முன்னால் குமாஸ்தாக்கள் வழக்கப்படி பழக்கூடை வைத்து ஊ தூனை வணங்கினார்கள். தடிங்யுத் சமயத்தில் பெரியவர்களைக் கும்பிட்டு, தெரியாமல் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது இங்கே முறை. கடோ என்பார்கள். பிறகு எல்லோரும் லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பிழை செய்யக் கிளம்பினார்கள்.

குமாஸ்தாக்கள் பக்கம் ஒரு ஆள் குறைந்தது. அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கிறவனுக்குக் காய்ச்சல். பானையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு என்னோடு வந்த லில்லி, "நான் பிடிக்கிறேன். ஸ்கூல்ல ஆடியிருக்கேன்" என்று பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள்.

சவரி அவள் காதுக்குள் குனிந்தான். எனக்குக் கேட்டது. "சயா ஓடி வரும்போது பந்து வந்தா விட்டுடு."

"ஏன் அப்பா?"

"விட்டுடுன்னா விட்டுடு."

"எங்க டீச்சர் சொல்லுவாங்க, வேணும்னு விட்டா எதிராளியை மட்டமா நினைக்கிறதாம். ஜெயிச்சா குதிக்கக் கூடாது, தோத்தா மூஞ்சியைத் தூக்கக் கூடாது, யாருக்கும் விட்டுக்குடுக்கக் கூடாது. புஸ்தகத்துல இல்லாத சட்டமாம் அப்பா."

"இதுவும் புஸ்தகத்துல இல்லாத சட்டந்தான். பேசாம இரு."

ஆட்டம் வழக்கம்போல நடந்தது. பிறகு ஊ தூன் கட்டையை எடுத்தார். எதிர்ப்பக்கத்துக் குமாஸ்தா கோ ஆங், தீர்த்தம் தெளிப்பதுபோல் பந்தை மெதுவாகப் போட்டான். அவர் அடித்தார். பந்து நேரே ஒருவன் காலுக்கு வந்தது. அவன் மரியாதையாகக் காலை அகட்டி வழி விட்டான். அடுத்தவன் எடுத்தான், நழுவ விட்டான், நெற்றியில் அடித்துக்கொண்டான். ஊ தூன் முதல் சாக்கு, இரண்டாம் சாக்கு என்று மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தார். மூன்றாம் சாக்கில் கொஞ்சம் நின்றார். சவரியிலிருந்து எல்லோரும் கத்தினார்கள். "ஓடுங்க சயா, ஓடுங்க."

பாவம், ஓடினார்.

பந்து அப்போது கோ ஆங் கையில் இருந்தது. சும்மா வைத்துக்கொண்டு நிற்க முடியாதே. வருஷா வருஷம் செய்வதுபோல, பிடிக்கிறவர் தலைக்குமேல் போகும்படி உயரமாக எறிந்தான். முந்தின வருஷங்களில் பிடித்தவன் குட்டையன். லில்லி அவள் தாத்தாவைக் கொண்டு பிறந்தவள், நெட்டை. எம்பினாள். பந்து கையுறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஊ தூன் சாக்குக்கு இன்னும் சில அடி தூரத்தில் இருந்தார். லில்லி பந்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பெரியவர், அதிலும் ஆண்பிள்ளை, அவரைப் பெண்பிள்ளை எப்படித் தொடுவது? அவள் கையுறையைக் கழற்றிக் கீழே வைத்தாள். பந்தை வலது கையில் எடுத்தாள். பெரியவர்களுக்கு எதையாவது கொடுக்கும்போது செய்வதுபோல இடது கையை வலது முழங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தலையைக் குனிந்து, "கடோ, ஊலே" என்றாள். மன்னியுங்கள் மாமா என்று அர்த்தம். பந்தால் அவர் முழங்கையை லேசாகத் தொட்டாள்.

இவ்வளவும் நடக்கிறவரை அவர் ஏன் சாக்குக்கு ஓடவில்லை என்று கேட்பீர்கள். ஒரு சின்னப் பெண் கடோ சொல்லும்போது பெரியவர் ஓடிக்கொண்டிருப்பாரா? நின்றுதானே வாங்கிக்கொள்ள வேண்டும். அவரும் நின்றார்.

நடுவராக நின்ற கணேசன் ஆகாயத்தைப் பார்த்தான்.

"கண்ணுல தூசி விழுந்திடுச்சு சயா. நான் பாக்கல."

"தொடல சயா, தொடல" என்றான் கோ ஆங்.

சவரி ஓடி வந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. "சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா சயா. நீங்க மறுபடியும் அடிங்க."

ஊ தூன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்கவில்லை. லில்லியிடம் கேட்டார். "அவுட்டுதானேம்மா?"

எல்லோரும் லில்லியைப் பார்த்தார்கள். சவரி கண்ணாலேயே அவளைக் கும்பிட்டான்.

"அவுட்டுதான் ஊலே" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். நேராக மரத்தடிக்கு வந்து என் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

5

வெங்காயமும் எண்ணெயும் போட்டுப் பிசறி ஒரு கிண்ணம் பயறு கொடுத்தேன். அவர் காலை நீட்டி, ஒரு முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துவிட்டுக்கொண்டார். முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"அவுட்டாகி உக்காந்தா எவ்வளவு சுகமா இருக்கு அமே" என்றார். அமே என்றால் அம்மா. பர்மியில்தான் பேசினோம், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு எதுக்குங்க ஓடுறீங்க?"

"என்ன பண்றது? பிள்ளைங்க ஆசைப்படுறாங்க. மழை விட்டதும் வந்து நிக்கிறாங்க, ஆட்டம் எப்ப சயான்னு. வேண்டாம்னு எப்படிச் சொல்றது? அனாடே."

நான் சுருட்டுப் பிடிப்பேன் என்பது சாமியாரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அப்போது பிடித்துக்கொண்டிருந்த சுருட்டு மடியில் விழுந்தது. தட்டிவிட்டுக்கொண்டே கேட்டேன். "பிள்ளைங்க ஆசைப்படுறாங்களா? உங்களுக்கு உயிருன்னு சொன்னாங்களே."

"எனக்கா? பள்ளிக்கூடத்துலயே நான் கையுறை பொறுக்கி வைக்கிறவன். வாத்தியார் ஞாபகமா இருக்கட்டும்னு மூட்டையை வெச்சிருந்தேன். ஒருநாள் திறந்து காட்டினேன். ஆடலாமே சயான்னு எல்லாரும் ஒரே குரலாச் சொன்னாங்க."

"அட கடவுளே. நீங்க காட்டினதால அவங்க கேட்டிருக்காங்க. என் மகனுக்குப் போன வாரத்துலேருந்து வயித்தால போகுது. கோ ஆங் பந்தை உசரமா எறியறதுக்கு வீட்டுக்குப் பின்னால நின்னு பழகிக்கிறான், உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மைதானத்தைப் பார்த்தார். அங்கே ஒருவன் பந்தை அடித்துவிட்டுத் தலைவிதியே என்று ஓடிக்கொண்டிருந்தான். ஊ தூனின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். மைதானத்தில் இருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அவர்களும் சிரித்தார்கள்.

எங்கள் ஊர்க் கிட்டிப்புள்ளும் இதுவும் ஒன்று என்று நினைத்தேனே, அது தப்பு. அங்கே பண்ணையார் மகனுக்குத் தான் ஜெயிக்கிறோம் என்று சந்தோஷம். இங்கே ஜெயிக்கிறவருக்கும் முழங்கால் வலி, தோற்கிறவனுக்கும் பேதி. நடுவில் யாருக்கும் வேண்டாத ஒரு ஆட்டம், ஒவ்வொருவரும் அடுத்தவருக்காகத் தூக்கிச் சுமக்கிறார்கள்.

சிரிப்பு அடங்கியது. கேட்க வேண்டியதைக் கேட்க அதுதான் நேரம். சாமியார் பிரசங்கத்திலேயே குறுக்கே பேசிய வாய் இது. ஆனால் திறக்கவில்லை. இவ்வளவு சிரித்த மனுஷனிடம் எப்படி, என் மகனை நிறுத்தப்போகிறீர்களா என்று கேட்பது? அவர் முகம் வாடுமே. இந்த ஊர்த் தண்ணீர் எனக்குள்ளும் இறங்கிவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கேட்பதற்குப் பதில் இன்னொரு கிண்ணம் பயறு வைத்தேன்.

அவர் நிதானமாகச் சாப்பிட்டார். விரலைத் துடைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல், பானையைப் பார்த்துப் பேசினார்.

"அடுத்த வருஷம் பந்து வேண்டாம் அமே. பயறு மட்டும் போதும். பெரிய பானையாக் கொண்டு வாங்க. உங்களால தூக்க முடியாது. சவரியைத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க." எழுந்திருக்கும்போது, "உப்பு மட்டும் ஒரு கல்லு கம்மியா" என்றார்.

6

நான் வீட்டுக்குப் போனபோது சவரி கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்து வைத்து, அதன் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான். லில்லி மூலையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம் மாதிரி அரைத்துப் பூசியிருந்த தனாக்கா கண்ணீரில் கோடு கோடாகக் கரைந்திருந்தது.

"கை தானாப் போயிடுச்சு அப்பாயி" என்றாள்.

"போகட்டும் விடு. நல்ல கை."

"அவர் என்ன சொன்னாரு? கேட்டியாம்மா?" என்றான் சவரி.

"கேக்கல."

"கேக்கலியா? ஊரெல்லாம் கேக்குற வாய்."

"அவரே சொன்னாரு. அடுத்த வருஷம் உப்பைக் கொறைக்கச் சொன்னாரு."

சவரி துணியைப் பெட்டிமேல் எறிந்தான். "என் வாழ்க்கை போகுது, இவங்களுக்கு உப்பு."

"இன்னும் முழுசாச் சொல்லல. பெரிய பானையா வேணுமாம். அடுத்த வருஷம் உன்னையே தூக்கிட்டு வரச் சொன்னாரு."

அவன் விளங்காமல் பார்த்தான். லில்லிதான் முதலில் எழுந்தாள். இந்த ஊர்ப் பேச்சு அவளுக்குத்தான் நேராகப் போய்ச் சேரும். "அடுத்த வருஷமா? சவரின்னு பேர் சொல்லியா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுத முகத்தோடு சிரித்தாள். "அப்பா, பெட்டியை உள்ள தள்ளுங்க."

சவரி பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அப்புறம், "ஓமத்தண்ணி வேண்டாம், சோறு போடு" என்று மனைவியிடம் சொன்னான். ஆள் குறைப்பு உத்தரவு சில மாசம் கழித்து வந்தது. சவரி பெயர் அதில் இல்லை. அதற்குள் பயப்படுகிற வேலையை நாங்கள் முடித்துவிட்டிருந்தோம். அவன் குடியுரிமை மட்டும் இன்னும் அதே மேஜையில் தூங்குகிறது. எழுப்புவதற்கு அனாடே.

கணேசன் பெயரும் அதில் இல்லை. ஆனாலும் அண்ணன்மார் கூப்பிட்டார்கள் என்று குடும்பத்தோடு கப்பல் ஏறிவிட்டான். ஊரில் அவனைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியும். சாக்கு விரித்திருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவான். சிரிக்காதீர்கள், பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள்.

பந்து மூட்டையை ஊ தூன் லில்லியிடம் கொடுத்துவிட்டார். அவளும் சிநேகிதிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் புல்தரையில் ஆடுகிறார்கள். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, ஒரே சண்டை. கோ ஆங் போய் நின்று பார்க்கிறான். அவன் இப்போது நேராக எறியப் பழகிக்கொண்டிருக்கிறானாம்.

பயறு வெந்துவிட்டது. உப்பு ஒரு கல் குறைத்துத்தான் போட்டேன். சவரி பானையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, இந்தக் கனம் கனக்குது" என்று முனகுகிறான். முனகட்டும். தகரப்பெட்டி இதைவிடக் கனம்.